கோத்தகிரி இறக்கத்தில் டியூபா, டியூப்லெஸ்ஸா: ஒரு சைக்கிளின் நிகழ்வு ஆய்வு

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 325 மீட்டரில் புறப்படும் சாலை, ஓடந்துறை, குஞ்சப்பனை, அரவேணு என்று ஏறி, ஏறத்தாழ 1,800 மீட்டரில் ஊருக்குள் நுழைகிறது. இந்தச் சாலையில் விடுமுறை நாட்களில் இறங்கி ஏறும் ஒரு சைக்கிளின் இரண்டு சக்கரங்களைப் பற்றியது இந்த ஆய்வு. கோத்தகிரியில் சைக்கிள் ஓட்டுகிற சிலருக்குச் சக்கரம் சரிபார்த்துக் கொடுப்பவன் நான். டியூப் நல்லதா, டியூப்லெஸ் நல்லதா என்று கேட்காதவர்கள் அவர்களில் யாருமில்லை. பொதுவான பதில் ஒன்றைச் சொல்லி அனுப்புவதைவிட, ஒரே சைக்கிளுக்கு நடந்ததை முழுசாக எழுதி வைத்தால் படிப்பவர்கள் தங்கள் சாலையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஓட்டுபவர் இங்கே ஒரு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. எடை 58 கிலோ. பெயர் வேண்டாம் என்றார். மற்றதை எழுதச் சம்மதித்தார். சைக்கிள் அலுமினிய ஃபிரேம், டிஸ்க் பிரேக், 28 மி.மீ. டயர். ரிம்மின் உள் அகலம் 19 மி.மீ. விளிம்பில் டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி உண்டு. டியூப்லெஸ் போட ஏற்ற ரிம்தான், ஆனால் வாங்கும்போது உள்ளே சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூப் இருந்தது. விடுமுறை நாளில் விடிகாலையில் கோத்தகிரியிலிருந்து இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டிக் காரமடை அல்லது சிறுமுகைப் பக்கம் போய்விட்டு, வெயில் ஏறுவதற்குள் மலையேறிவிடுவது அவர் வழக்கம்.

இந்த வழக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஒரே பயணத்தில் அவர் இரண்டு வேறு நிலங்களைக் கடக்கிறார். மேலே தேயிலை, சில்வர் ஓக், ஓரங்களில் உண்ணிச்செடி. இந்தப் பகுதியில் டயரைக் குத்துவது பெரும்பாலும் மழையில் அடித்து வந்த கூர்க்கல், உடைந்த பாட்டில், லாரி டயர் தேய்ந்து உதிர்ந்த மெல்லிய எஃகுக் கம்பி. கீழே இறங்கியதும் சீமைக் கருவேலம் தொடங்கிவிடும். வேலிக்கு வெட்டிப் போட்ட முள், ஆடு மாடு மிதித்துச் சாலைக்குக் கொண்டுவரும் முள், ஓரத்தில் படர்ந்திருக்கும் நெருஞ்சி. மலையிலேயே ஓட்டுபவருக்கும் சமவெளிவரை போய்வருபவருக்கும் ஒரே டயர் பதில் இருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான ஆதாரம்தான் இனி வருவது.

குஞ்சப்பனைக்குக் கீழே

முதல் சம்பவம் பலாப்பழம் பழுக்கிற பருவத்தில் நடந்தது. குஞ்சப்பனை சோதனைச்சாவடி தாண்டி இறங்கும்போது ஒரு வளைவை அடுத்திருந்த குழியின் விளிம்பில் பின்சக்கரம் மோதியது. சில நொடிகளில் காற்று முழுக்க இறங்கிவிட்டது. பின்சக்கரம் என்பதால் சைக்கிள் ஆடியதே தவிர விழவில்லை. ஓரமாக நிறுத்தி டியூபை மாற்ற உட்கார்ந்திருக்கிறார். மேலே வந்த பஸ்ஸின் டிரைவர் வேகத்தைக் குறைத்து, "இங்க உட்காராதீங்கம்மா, பலாப்பழத்துக்கு யானை இறங்குற இடம். உருட்டிக்கிட்டுக் கீழே போயிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பருவத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆசிரியை காற்றில்லாத சக்கரத்தோடு சைக்கிளை ஆள் நடமாட்டம் உள்ள இடம்வரை உருட்டிக்கொண்டு போய், அங்கே டியூபை மாற்றினார்.

டியூப் மாற்றுவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று சமவெளியில் கேட்டால் அது திறமையைப் பற்றிய கேள்வி. இங்கே அது எங்கே நிற்கிறோம் என்பதைப் பற்றிய கேள்வி. மூடுபனியில் வளைவுக்குப் பின்னால் பத்து நிமிடம் குனிந்து உட்கார்ந்திருப்பதும் அதே அளவு ஆபத்துதான். டயரைத் தேர்ந்தெடுக்கும்போது எடையையும் வேகத்தையும் பார்ப்பவர்கள், எந்த இடத்தில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டிவரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பழைய டியூபை என்னிடம் கொண்டுவந்தார். அருகருகே இரண்டு ஓட்டை. டயருக்குள் முள்ளோ கண்ணாடியோ இல்லை. குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிக் கிழிந்திருக்கிறது. சாலை மோசமாக இருக்கிறதே, கொஞ்சம் மெத்தென்று போகட்டும் என்று காற்றை 60 பிஎஸ்ஐக்குக் குறைத்து வைத்திருந்தார். டியூப் உள்ள 28 மி.மீ. டயருக்கு, குழியில் வேகமாக இறங்கும் சாலையில், அது போதாது. 75 வரை ஏற்றினால் நசுங்கல் குறையும். ஆனால் கையும் முதுகும் வலிக்கும், ஈரத்தில் டயரின் பிடியும் குறையும்.

அடுத்து காரமடைப் பக்கம் முள் குத்தியது. பிறகு மறுபடியும் முள். கூடவே கொண்டுபோன ஒரே டியூபை முதல் முள்ளுக்குக் கொடுத்துவிட்டதால், அடுத்த முறை சாலையோரப் பஞ்சர் கடையைத் தேடினார். இங்கே டியூபின் பக்கம் உள்ள பெரிய நியாயம் ஒன்று தெரிந்தது. கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார், குமிழி வந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தார், சொல்யூஷன் தடவிக் காயவிட்டு ஒட்டுப் போட்டார். வேலை முடிந்தது. பியூட்டைல் டியூபுக்கு மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை எந்த ஊரிலும் வைத்தியர் உண்டு. வேறெந்த ஏற்பாட்டுக்கும் இந்த வசதி கிடையாது.

ஆனால் புது டியூப் வேண்டுமென்றால் கதை வேறு. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் டியூபில் பெரும்பாலும் பழைய மாதிரி வால்வோ, மோட்டார் சைக்கிளில் இருப்பதைப் போன்ற ஷ்ரேடர் வால்வோ இருக்கும். ரோடு சைக்கிள் ரிம்மில் ஒல்லியான பிரஸ்டா வால்வுக்கு 6.5 மி.மீ. துளைதான் போட்டிருப்பார்கள். ஷ்ரேடருக்கு 8.5 மி.மீ. வேண்டும். உள்ளே போகாது. ரிம்மைத் துளைத்துப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

என்னென்ன வழிகள் இருந்தன

நான்கு வழிகளை மேசைமேல் வைத்தோம். பியூட்டைலிலேயே தொடர்வது ஒன்று. ஒரு டியூப் ஏறத்தாழ 100 கிராம், விலை குறைவு, காற்றை நன்றாகப் பிடித்துவைக்கும், எங்கும் ஒட்டலாம். உருளும்போது நெளிந்து நெளிந்து கொஞ்சம் சக்தியைத் தின்னும், அது ஒன்றுதான் குறை. லேடெக்ஸ் டியூப் நன்றாக உருளும், ஆனால் ஒரே இரவில் காற்று குறைந்துவிடும். தினமும் பம்பு அடிக்கப் பொறுமை வேண்டும். அதை உடனே விட்டுவிட்டோம்.

மூன்றாவது டிபியு டியூப். பிளாஸ்டிக் தாள் போல மெல்லியது, 25 முதல் 40 கிராம்தான். சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும். ஆசிரியைக்கு இதன்மேல் ஆசை. "அண்ணா, ஏறும்போது எவ்வளவு எடை குறையும் பாருங்க" என்றார். எடை குறையும் என்பது உண்மைதான். ஆனால் முள்ளுக்கு அதுவும் டியூப்தான். ஓட்டை விழுந்தால் பஞ்சர் கடைச் சொல்யூஷன் அதில் ஒட்டாது. அதற்கென்று தனி ஒட்டு, ஸ்பிரிட்டால் துடைத்த சுத்தமான பரப்பு வேண்டும். ஒருமுறை காற்றடித்ததும் நீண்டுவிடும், பழைய அளவுக்குத் திரும்பாது. பையில் உதிரியாக வைத்துக்கொள்ள அருமையான பொருள். முள் நிறைந்த சாலையில் அன்றாடம் ஓட்ட அதை நான் சொல்ல மாட்டேன்.

நான்காவது டியூப்லெஸ். மலைச் சைக்கிளில் 1999-லேயே மாவிக் நிறுவனத்தின் யுஎஸ்டி முறை வந்துவிட்டது. ரோடு சைக்கிளுக்கு ஹட்சின்சனும் ஷிமானோவும் சேர்ந்து 2006-ல் கொண்டுவந்தார்கள். அப்புறம் பரவவே பல வருடமானது. காரணம் இருக்கிறது. டியூப்லெஸ் டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றும் திரவம்தான் சீலண்ட். காற்றழுத்தம் அதிகமாக இருந்தால் அது ஓட்டையில் நின்று உறைவதற்குள் காற்றோடு வெளியே பீய்ச்சி அடித்துவிடும். 23 மி.மீ. டயரில் 100 பிஎஸ்ஐ வைத்து ஓட்டிய காலத்தில் டியூப்லெஸ் தடுமாறியதில் ஆச்சரியமில்லை. டயர் 28, 30 என்று அகலமாகி அழுத்தம் 60 பக்கம் இறங்கிய பிறகுதான் அது ரோட்டுக்குப் பொருந்தியது.

நசுங்குவதற்கு உள்ளே டியூபே இல்லை என்பதால் குஞ்சப்பனைச் சம்பவத்துக்கு அது நேரடியான மருந்து. முள் ஓட்டையைச் சீலண்ட் அடைத்துவிடும். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. டியூப்லெஸ் ரிம்மின் உள்ளே, டயரின் விளிம்பு உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், சிறிய மேடு இருக்கும். காற்று இறங்கினாலும் அந்த மேடு விளிம்பை நடுப்பள்ளத்துக்கு வழுக்க விடாது. டயர் ரிம்மின் மேலேயே நிற்கும். கொண்டை ஊசி வளைவுக்குமுன் முன்சக்கரத்தில் காற்று போனால், நிறுத்துவதற்கான சில நொடிகள் அதனால் கிடைக்கும். பஞ்சர் அதிகம் ஆவது பின்சக்கரத்தில்தான், எடை அங்கே கூடுதல் என்பதால். மலையில் ஆளைக் கீழே தள்ளுவது முன்சக்கரப் பஞ்சர். எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவெடுப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

மாற்றுவதற்குமுன் ரிம்மைப் பார்த்தல்

இந்த ரிம்மில் கொக்கி இருந்தது பெரிய நிம்மதி. கொக்கியில்லாத ரிம்கள் இப்போது விலை உயர்ந்த சக்கரங்களில் நிறைய வருகின்றன. அவற்றில் டயரைப் பிடித்திருப்பது டயர் விளிம்பின் இறுக்கமும் சரியான அளவும் மட்டுமே; அதிகபட்ச அழுத்தம் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கெண்ட்டின் டயர் அப்படிப்பட்ட ரிம்மிலிருந்து கழன்று அவர் விழுந்தபோது, உலகம் முழுக்க இது விவாதமானது. கொக்கியில்லா ரிம்மையே தவறென்று நான் சொல்லவில்லை. ரிம்மின் உள் அகலத்துக்கு அனுமதிக்கப்பட்ட டயர் அளவு, அழுத்தம் இரண்டையும் அச்சிட்டபடி கடைப்பிடிப்பவர்களுக்கு அது சரி. பெட்ரோல் பங்கில் காரின் காற்றுக்குழாயை மாட்டிக் கண்மதிப்பில் அடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

மலையில் இந்த எல்லைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். குளிர்கால விடிகாலையில் 8 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 68 பிஎஸ்ஐ அடித்துவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கி, 34 டிகிரி வெயிலில் அளந்தால் என்ன காட்டும்? கீழே வெளிக்காற்றின் அழுத்தம் அதிகம் என்பதால் அளவுமானியில் சுமார் 3 பிஎஸ்ஐ குறைய வேண்டும். ஆனால் வெப்பம் ஏறியதால் 7 பிஎஸ்ஐக்கு மேல் கூடும். கூட்டிக் கழித்தால் 72 பிஎஸ்ஐக்கு மேல். கொக்கியில்லா ரிம்மின் எல்லையை அந்த டயர் வெறும் வானிலையாலேயே தொட்டுவிட்டது. ஆசிரியையின் கோத்தகிரி இறக்கத்தில் இந்த மாற்றம் சற்றே சிறியது: 12 டிகிரியில் 62 அடித்தால் கீழே 65க்குக் கொஞ்சம் மேல். அவர் பள்ளியில் எடுப்பது இயற்பியல். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியது அவர்தான். இப்போது பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வாயு விதி நடத்தும்போது இதையே கரும்பலகையில் போடுகிறார்.

மாற்றிய விதம்

ரிம்மின் ஸ்போக் துளைகளை மூடும் டேப்பைப் புதிதாக ஒட்டினோம். டியூப்லெஸ்ஸில் பாதித் தகராறு இந்த டேப்பில்தான். ஓரத்தில் ஒரு சுருக்கம் இருந்தாலும் காற்று உள்ளே ஊர்ந்து ஸ்போக் வழியே வெளியேறும். ஓட்டை டயரில் என்று தேடிக்கொண்டே இருப்போம். டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வு கோரை (வால்வுக்குள் திருகியிருக்கும் சிறு பாகம்) கழற்றிவிட்டு, கார் டயர் கடையின் கம்ப்ரசரில் காற்றை ஒரேயடியாக விட்டோம். கை பம்பில் இந்த வேலை நடப்பது அபூர்வம். டப், டப் என்று விளிம்பு உட்காரும் சத்தம் கேட்ட பிறகு காற்றை இறக்கி, ஒவ்வொரு டயருக்கும் 40 மில்லி சீலண்ட் ஊற்றி, கோரை மாட்டி, மறுபடி அடித்தோம். முன்னே 57, பின்னே 62.

கடைக்காரர் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், "பைக் டயர் மாதிரிதானே? பஞ்சரானா இங்கேயே வாங்க, திரி போட்டுடலாம்" என்றார். அன்பாகச் சொன்னார், ஆனால் அது நடக்கக்கூடாத விஷயம். மோட்டார் சைக்கிள் டயரில் ரப்பர் திரி நுழைக்கத் துளையைப் பெரிதாக்கும் அரம், 28 மி.மீ. சைக்கிள் டயரின் நூலிழையை அறுத்துவிடும். சைக்கிளுக்கென்றே ஒன்றரை முதல் மூன்றரை மி.மீ. வரை மெல்லிய திரிகள் உண்டு. அவற்றை ஆசிரியையின் கைப்பிடிக்குக் கீழே தொங்கும் சிறு பையில் வைத்தோம்.

அதற்குப் பிறகு நெடுநாள் என்னிடம் புகார் எதுவும் வரவில்லை. ஒருமுறை சிறுமுகைச் சாலையில் பின்டயரிலிருந்து வெள்ளையாகச் சீலண்ட் தெறித்து உட்காரும் சீட்டின் அடியில் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தாராம். காற்றில் சில பிஎஸ்ஐ குறைந்திருந்தது, அவ்வளவே.

அரவேணு ஏற்றத்தில் நடந்தது

டியூப்லெஸ்ஸைப் பற்றிப் பேசும்போது பலர் மறந்துவிடும் விஷயம் இந்தப் பகுதியில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிகிற நேரம். அரவேணுவுக்குக் கீழே ஏறிக்கொண்டிருந்தபோது, மழைநீர் அடித்து வந்த கூர்க்கல் பின்டயரின் பக்கச்சுவரைக் கிழித்தது. ஈர ரப்பர் காய்ந்த ரப்பரைவிடச் சுலபமாக அறுபடும். மழையில் பஞ்சர் அதிகம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். பக்கச்சுவர் மெல்லியது, ஓடும்போது நெளிந்துகொண்டே இருப்பது. சீலண்ட் உறைந்தாலும் நெளிவில் உடைந்துவிடும். திரியும் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் உதிரி டியூபைப் போடத் தீர்மானித்தார்.

வால்வின் நட்டு சீலண்ட் காய்ந்து இறுகிப்போயிருந்தது. கையால் திருப்ப முடியாமல், வழியில் நின்ற பிக்கப் வண்டிக்காரரிடம் பிளையர் வாங்கிக் கழற்றினார். டயரின் உட்பக்கத்தில் கிழிசலுக்கு நேரே ஒரு பழைய டயர்த் துண்டை வைத்தார். டியூபை நுழைத்து, விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளித் தள்ளி ஏற்றி, காற்றும் அடித்தாகிவிட்டது. சில நிமிடங்களில் புது டியூபும் பஞ்சர்.

அவர் போனில் கூப்பிட்டபோது, "அண்ணா, டியூப் புதுசு. கிழிசலையும் நல்லா மூடிட்டேன். எப்படிப் போகும்?" என்று கேட்டார். குரலில் களைப்பு தெரிந்தது. டயரின் உட்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஐயோ, இங்க ஒண்ணு. இங்கயும் இருக்கு" என்றார்.

அத்தனையும் சீமைக் கருவேல முள் முனைகள். வெளியே ஒடிந்துபோய், உள்ளே கூர் மட்டும் நீட்டிக்கொண்டு, சீலண்ட் பூச்சில் மூடியபடி மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவை. டியூப்லெஸ்ஸாக ஓடிய வரை அவை குற்றமற்றவை. ஒவ்வொன்றும் தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டிருந்தது. டியூப் உள்ளே வந்ததும் ஒவ்வொரு முள்ளும் ஊசியானது. அவர் அன்று பஸ்ஸின் உதவியால் வீடு திரும்பினார்.

இந்த ஒரு சம்பவத்தால் டியூப்லெஸ் மோசம் என்று ஆகிவிடாது. உதிரி டியூப் கையில் இருந்தால் போதும் என்ற நம்பிக்கையைத்தான் இது உடைக்கிறது. முள் நிலத்தில் ஓடும் டியூப்லெஸ் டயரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் திறந்து, முள் முனைகளைப் பிளையரால் பிடுங்கி, சீலண்டையும் அப்போதே புதுப்பிக்க வேண்டும். பிடுங்கிய ஓட்டைகளைப் புதுச் சீலண்ட் அடைத்துக்கொள்ளும். இதற்கு மனமோ நேரமோ இல்லாதவர் டியூபோடு இருப்பதே மேல் என்று நான் வெளிப்படையாகச் சொல்வேன்.

உதிரிச் சாமான்களிலும் சில மாற்றம் செய்தோம். வால்வு நட்டை இனி விரலால் மட்டுமே இறுக்குகிறார். பையில் சின்ன பிளையர், பக்கச்சுவர்க் கிழிசலுக்கு டயர்த் துண்டு, ஒரு டிபியு டியூப், கூடவே கனமான பியூட்டைல் ஒன்று. காற்றுக்கு கேஸ் குப்பி வேண்டாம், கை பம்பே போதும் என்றேன். குப்பியில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு சில லேடெக்ஸ் சீலண்டுகளைக் கட்டியாக்கிவிடும்.

தேர்வு மாதமும் உடற்கல்வி ஆசிரியரும்

மார்ச் வந்தது. பொதுத்தேர்வு, அப்புறம் விடைத்தாள் திருத்தம். சைக்கிள் சுவரோரம் நின்றபடியே இருந்தது. மறுபடி எடுத்தபோது இரண்டு டயரும் தரையோடு தரை. பம்பு அடித்தால் காற்று உள்ளே போகவில்லை. வால்வு கோர் சீலண்டால் அடைத்துப்போயிருந்தது; டயரின் அடிப்பாகத்தில் சீலண்ட் தேங்கி, காய்ந்த ரப்பர் ஆடையாகப் படிந்திருந்தது. கோர் இரண்டும் புதிது போட்டு, ஆடையை உரித்தெடுத்து, கம்ப்ரசர் கடைக்கு மறுபடி போக வேண்டியிருந்தது. டியூப் இருந்திருந்தால் பம்பு அடித்துவிட்டு அன்றே கிளம்பியிருப்பார். சீலண்டின் ஆயுள் சரக்கையும் வெப்பத்தையும் பொறுத்து இரண்டு முதல் ஆறு மாதம். கோத்தகிரிக் குளிர் அதற்கு நல்லதுதான், ஆனால் சுற்றாமல் நிற்கும் சக்கரத்துக்கு எந்தக் குளிரும் உதவாது. இப்போது தேர்வு மாதங்களில் அவருடைய அம்மா காலையில் வாசல் தெளிக்கும்போது இரண்டு சக்கரத்தையும் கொஞ்சம் சுற்றி வைத்துவிடுகிறார்.

அதே பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "எனக்கும் மாத்திடலாமா?" என்று வந்தார். அவரிடம் இருப்பது பழைய ரோடு சைக்கிள், ரிம் பிரேக், 25 மி.மீ. டயர். டியூப்லெஸ் ஏற்காத ரிம். அவர் அரவேணுவுக்குக் கீழே இறங்குவதே இல்லை. கட்டபெட்டு, ஊட்டி, கோடநாடு என்று மேலேயே சுற்றுகிறார். முள் இல்லை. சக்கரத்தையே மாற்ற வேண்டிய செலவுக்கு அவருக்கு நியாயமே கிடையாது. பியூட்டைலிலேயே இருங்கள் சார் என்றேன். நல்ல டயர் போட்டு, காற்றை வாரம் ஒருமுறை அளந்து, குழியைப் பார்த்து ஓட்டினால் அவருக்கு அது போதும்.

அவர் டிபியு கேட்டார். அதற்கும் வேண்டாம் என்றேன், காரணம் பிரேக். ஆளும் சைக்கிளும் சேர்த்து 70 கிலோ, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 10 லட்சம் ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். ஒரு பங்கு காற்றின் எதிர்ப்பில் போகும். மெதுவாகப் பிரேக் பிடித்தபடியே இறங்குபவருக்கு அந்தப் பங்கு சிறியது. டிஸ்க் பிரேக்கில் மிச்ச வெப்பம் சக்கரத்தின் நடுவே உள்ள தட்டுக்குப் போகிறது. ரிம் பிரேக்கில் அது டியூபைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரிம்முக்கே போகிறது. டிபியு சூட்டில் இளகும் பொருள். ரிம் பிரேக்குக்கு ஆகாது என்று பெட்டியிலேயே அச்சிட்ட டிபியு டியூப்கள் உண்டு. ஆகும் என்று சொல்லும் வகைகளும் உண்டு. அவர் கோடநாடு பக்கமே சுற்றினாலும், என்றாவது ஒருநாள் கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசியில் இறங்க ஆசைப்படுவார் என்று எனக்குத் தெரியும். பியூட்டைல் அங்கே நிதானமாக நிற்கும்.

இப்போது உள்ள நிலை

ஆசிரியையின் இரண்டு சக்கரமும் டியூப்லெஸ்தான். இடையில் அவருக்கு ஒரு யோசனை இருந்தது: முள் அதிகம் குத்துவது பின்னால்தானே, பின்னே டியூப்லெஸ், முன்னே லேசான டிபியு என்று வைத்தால் என்ன? எடையும் வேலையும் குறையும் என்றார். நான் இறங்கிவரவில்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் டியூப்லெஸ் என்றால் அது முன்சக்கரத்துக்கே போக வேண்டும். பின்னே காற்று போனால் நேரம் போகும்; முன்னே போனால் வளைவில் திருப்பவே முடியாது. கடைசியில் ஒரு நடுவழி தெரிந்தது. டியூப்லெஸ் ரிம்மில் டியூப்லெஸ் டயரையே போட்டு, உள்ளே டியூப் வைத்தாலும், விளிம்பைப் பிடிக்கும் மேட்டின் பாதுகாப்பு பெருமளவு கிடைக்கும். சீலண்ட் வேலை அலுத்துப்போன நாளில் முன்சக்கரத்தை அப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று சம்மதித்தேன். இதுவரை அவர் கேட்கவில்லை.

கிழிந்த பின்டயருக்குப் பதிலாகப் போட்டது பக்கச்சுவர் தடித்தது. கொஞ்சம் கனம், உருளுவதும் சற்று மந்தம்; ஏறும்போது தெரிகிறது என்கிறார். அடுத்த முறை 30 மி.மீ. போட்டு அழுத்தத்தை இன்னும் குறைக்கலாம் என்பது என் விருப்பம். அழுத்தம் குறைந்தால் சீலண்ட் இன்னும் விரைவாக அடைக்கும், குழியும் உறுத்தாது. ஆனால் டயர் போட்டுச் சில நாளில் கொஞ்சம் அகலும், மழைக்காலத்தில் செம்மண்ணும் தேயிலைச் சருகும் ஒட்டும். பின்பக்க ஃபிரேமில் அதற்கு இடம் இருக்கிறதா என்று காற்று நிரப்பிய சக்கரத்தை மாட்டி அளந்த பிறகுதான் வாங்கப் போகிறோம்.